கடைமடைக்கு வந்த விருது

இந்தக் கதையை ஏழெட்டு வருஷமாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன் சார். அதே ஏழெட்டு வருஷமாக நானே இதை முழுதாக நம்பியதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்கள் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. அந்தச் சந்தேகத்தில் நான் உங்களுக்கு மூத்தவன்.

உங்கள் பையைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். சணல் பை, அதில் பச்சை எழுத்தில் 'காலநிலை மாற்றக் கருத்தரங்கம்', உள்ளே பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் யாரையும் குற்றம் சொல்கிறவன் இல்லை. திருத்துறைப்பூண்டியில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக்கில் அடித்துக் கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். குற்றம் சொல்ல எனக்கென்ன தகுதி?

பஸ் டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார். இந்த ரூட்டில் அவர் டீ குடித்தால் அது ஒரு சாப்பாட்டு நேரம். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா தையல்நாயகியைக் கோரைத்திட்டில் கொடுத்திருக்கிறோம். இதோ, நான் இப்போது ஏறினேனே, அந்த ஊர்தான். அத்தான் பெயர் வைரக்கண்ணு. ரோட்டோரமாகக் கொஞ்சம் நிலம், சம்பா ஒரு போகம். கோரைத்திட்டு கடைமடை ஊர். ஆற்றில் தண்ணீர் திறந்தால் முதலில் தலைமடை குடிக்கும், பிறகு நடுவில் இருப்பவர்கள் குடிப்பார்கள், மிச்சம் இருந்தால் எங்களுக்கு. பெரும்பாலும் மிச்சம் இருப்பது வாய்க்காலின் பெயர் மட்டும்தான்.

அப்படி இருக்கையில் டெல்லியில் ஒரு கொள்கை போட்டார்கள். நாடு சூடாகிறது, அதைக் குறைக்க வேண்டும் என்று. நல்ல கொள்கை சார். நான் படித்தேன். அதன் தமிழ்ச் சுருக்கத்தை நம் ஜில்லாவுக்கு என் கடையில்தான் அச்சடித்தார்கள். காடு இருந்தது, கடல் இருந்தது, இனி பிறக்கப்போகும் சந்ததிகூட இருந்தது. கோரைத்திட்டு வாய்க்கால் மட்டும் இல்லை. அது பெரிய கொள்கை, இது சின்ன வாய்க்கால், விட்டுப்போயிருக்கும்.

உலகம் ஏன் சூடாகிறது தெரியுமா? கார் ஓடுகிறது, ஆலை புகை விடுகிறது, விமானம் பறக்கிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவையெல்லாம் பெரிய மனிதர்களின் காரியம், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும், நாளாகும். அதனால் முதலில் நெல்லைக் கூப்பிட்டார்கள். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் அதிலிருந்து மீத்தேன் என்று ஒரு வாயு கிளம்புகிறதாம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு அதிகாரி இதைச் சொன்னார். மீத்தேன் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதி ஜனம் எழுந்து நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லோடு முன்பு வந்தவர்கள் நிலத்தைத் துளை போடக் கேட்டார்கள். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு, இது வேறு மீத்தேன், இதை எடுக்க வரவில்லை, நிறுத்த வந்திருக்கிறோம் என்றார். பூமிக்கு அடியில் இருந்தால் அது வளம், வயலுக்கு மேலே வந்தால் அது கேடு. நான் குறித்துக்கொண்டேன்.

அப்போது பவுனம்மா எழுந்தாள். அத்தான் வயலுக்குக் கிழக்கே அவளுடையது. தனியாளாக விவசாயம் பார்க்கிறவள், வாய்க்குப் பயந்தவளில்லை.

"தண்ணி நிக்கிதுன்னீங்களே, எங்க நிக்கிது? சொல்லுங்க, நானும் போயி ஒருதரம் பாத்துட்டு வந்துடுறேன்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த படத்தைத் திரையில் போட்டார்.

முறை என்னவென்றால், காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் தண்ணீர் கட்ட வேண்டும், காய விட வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். எப்போது காய்ந்தது என்று தெரிய ஒரு குழாய். ஒரு முழ நீளம், உடம்பெல்லாம் ஓட்டை. அதை வயலில் புதைத்து உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரியும். ஒரு சாண் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். தண்ணீரும் மிச்சம், வாயுவும் குறைவு, விளைச்சலும் போகாது. நல்ல முறை சார், கேலி செய்யவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊரில் செய்தால் நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் அதில் பாதியை முப்பாட்டன் காலத்திலிருந்தே செய்து வருகிறோம். காய்ச்சல் எங்களுடையது. பாய்ச்சல்தான் அரசாங்கத்துடையது.

குழாயை எல்லா ஊருக்கும் கொடுத்தார்கள். தலைமடையில் வயல் எப்போதும் தளும்பி நிற்கும், குழாய்க்குள் தவளை குடியிருந்தது, பிடுங்கி எறிந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எவனாவது எட்டிப் பார்த்தால் அடியில் வெடித்த மண் தெரியும். அளக்க வந்தவர்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. இந்த மண்டலத்திலேயே வாயு குறைவாக வந்த ஊர் கோரைத்திட்டு என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீரே வராத வயலில் வாயு எங்கிருந்து வரும்? ஆனால் அப்படிக் கேட்க நான் யார்?

அந்த ஐப்பசியில் மத்தியக் குழு நேரில் பார்க்க வந்தது. இங்கேதான் சார் கதை. இங்கேதான் என் சந்தேகமும்.

ரோட்டோரம் என்பதால் அத்தான் வயலில் பார்ப்பது என்று ஏற்பாடு. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தேன். கடையில் அவசரமாக ஒரு காதுகுத்து போர்டு வந்துவிட்டது. அடித்துக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்துபோனால், ரோட்டில் புழுதி மட்டும் இருக்கிறது. அத்தான் வரப்பில் நிற்கிறார், துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டி.

"என்ன அத்தான், போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க மாப்ள."

"நல்லா பேசினீங்களா?"

"நல்லா பாத்தாங்க" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அத்தானிடம் ஒரு குணம். அவரிடமிருந்து ஒரு சொல்லை வாங்குவது கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது மாதிரி, கொக்கி வேண்டும், பொறுமை வேண்டும். எனக்கு அன்றைக்குக் கடையில் இன்னொரு போர்டு இருந்தது.

அப்புறம் கார்த்திகை மழை நன்றாகப் பிடித்தது. காய்ந்த பயிர் எழுந்துவிட்டது. களம் நிறைந்தது. மழை பெய்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழாய் காய்ந்திருந்தது, நெல்லும் விளைந்திருந்தது, ஆகவே குழாயால்தான் விளைந்தது. தைக் கடைசியில் தகவல் வந்தது. காலநிலைக்கு உகந்த முன்னோடிக் கிராமம், தேசிய விருது, டெல்லிக்கு வர வேண்டும்.

ஊர் குதித்தது. பாசனச் சங்கத் தலைவர் கலியபெருமாள் ராத்திரியோடு ராத்திரியாக என் கடைக்கு ஆள் அனுப்பினார். பஸ் நிறுத்தத்தில் பெரிய போர்டு, அத்தான் படம், ஒரு நல்ல வாசகம். படம் அக்கா மகள் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்தேன். பக்கத்தில் நின்ற சம்பந்தியை அழித்துவிட்டு அங்கே நெற்கதிர் போட்டேன். வாசகத்துக்கு அத்தானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விவசாயி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது ஒரு வித்தை சார். ஒருவர் சொல்ல நினைத்ததை அவரைவிட நன்றாகச் சொல்வது. இப்படிப் போட்டேன்:

'தண்ணீர் குறைந்தாலும் தானியம் குறையாது!' – முன்னோடி விவசாயி கோரைத்திட்டு வைரக்கண்ணு.

எப்படி இருக்கிறது? எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போர்டைப் படமெடுத்துக்கொண்டு போனார். அத்தான் சொன்னதாகவே அந்த வரி கொட்டை எழுத்தில் வந்தது. என் பெயர் வரவில்லை, வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

டெல்லிக்குத் துணைக்கு நானும் போனேன். அங்கே மூச்சு விட முடியவில்லை சார். எதிரே வருகிற ஆள் புகைக்குள்ளிருந்து பிறந்து வருகிற மாதிரி இருந்தது. எங்கள் வயலில் கிளம்பும் வாயுவை அங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். விழா நடந்த மண்டபத்தில் ஏ.சி. அப்படி ஒரு குளிர். புவியின் வெப்பத்தைக் குறைப்பதை அந்த மண்டபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அத்தானுக்குப் போர்த்திய பொன்னாடையை அவர் இறக்கவே இல்லை, இழுத்து மூடிக்கொண்டார். பின்வரிசைக்காரர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பரிசு வாங்கியவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம் என்று இருந்தது. மேடையில் இருந்த பெரியவருக்கு விமானம் பிடிக்க நேரமாகிவிட்டது, பேச்சை எடுத்துவிட்டார்கள். நல்லதாயிற்று. அத்தானுக்கு மைக் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒரு டி.வி.க்காரர் அவரைப் பிடித்தார். அத்தான் வாயைத் திறந்து "அது வந்துங்க, வாய்க்கால்ல..." என்று இழுத்தார். நான் பார்த்தேன், மைக் வீணாகிறது. குறுக்கே போய் அவர் சார்பில் நான் நாலு வார்த்தை பேசி அனுப்பினேன். அத்தான் நன்றியோடு என்னைப் பார்த்தார். நன்றியோடு என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு கொஞ்ச நாள் அத்தான் ராஜா. டீக்கடையில் அவருக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வி: டெல்லிக்காரன் கிட்ட என்ன சொன்னே? அப்போதுதான் இந்த வாயில்லாத மனுஷருக்கு வாய் வந்தது. குழுவில் உயரமான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாராம். மண்ணைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தாராம். அத்தான், "ஐயா, இது நாங்க காய விட்டதில்ல, தானா காஞ்சது. எங்களுக்குத் தண்ணி விடச் சொல்லுங்க" என்றாராம். அந்த உயரமானவர் கண் கலங்கிவிட்டாராம்.

நான் உடனே ஒன்று யோசித்தேன். அத்தான் இப்படிச் சொல்லியிருந்தால் எப்படி விருது கொடுத்திருப்பார்கள்? இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டு விசேஷத்தில் அதே கதை வேறு மாதிரி வந்தது. உயரமானவர் போய், கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி வந்துவிட்டாள். அத்தான் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். "அம்மா, உங்க ஊர்ல ஆறு உண்டா" என்று கேட்டார். இன்னொரு தடவை, யாரும் வயலில் இறங்கவே இல்லை, ரோட்டில் நின்றுதான் பேச்சு. ஒரே காலை, ஒரே வயல், ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அத்தான் ஒரு நல்ல பதில் சொன்னார். பதில்கள் ஒவ்வொரு தடவையும் மெருகேறின. எது உண்மை என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தூக்கம் வராத ஆள் நான். எல்லாவற்றையும் எனக்குள் கேட்டுக் கேட்டுப் பார்ப்பேன். அவர் உண்மையைச் சொன்னார் என்றால் டெல்லிக்காரர்கள் முட்டாள்கள். பொய் சொன்னார் என்றால் எங்கள் குடும்பம் குற்றவாளி. இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்?

அடுத்த வருஷம் அணையில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் திறந்தார்கள். எங்கள் வாய்க்கால் மதகுக்கு முறை வரவே இல்லை. பயிர் கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம் சார். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கலியபெருமாள் ஊரைக் கூட்டிக்கொண்டு பாசன அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன். பொறியாளர் மரியாதையான மனிதர். எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சொல்லிவிட்டு, கைபேசியில் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். என் போர்டு.

"நீங்க பயிற்சி எடுத்த ஊரு. உங்க ஆளே சொல்லியிருக்காரு பாருங்க, தண்ணி குறைஞ்சாலும் தானியம் குறையாதுன்னு. தலைமடைக்காரங்களுக்கு இந்தத் தெளிவு இல்ல. அவங்க தண்ணி இல்லாட்டி செத்துடுவாங்க. நீங்கதான் நாட்டுக்கே வழி காட்டுறீங்க."

பவுனம்மா சொன்னாள், "வழிய நாங்க காட்டுறோம் சார், தண்ணிய நீங்க காட்டுங்க."

தண்ணீர் வரவில்லை. அந்த வருஷம் கோரைத்திட்டில் அறுத்தது வைக்கோல். அதற்கப்புறமும் தட்டுப்பாடு வந்த ஒவ்வொரு வருஷமும் முதலில் நிறுத்துவது எங்கள் மதகைத்தான். பயிற்சி பெற்ற ஊர் அல்லவா?

அன்று அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நேராக அத்தான் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள். பவுனம்மா தன் வயல் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அத்தான் வாசலில் நட்டு, அதற்குச் செம்பருத்திப் பூ வைத்தாள். "ஏண்டி தையலு, உம்புருஷன் வாங்கியாந்த பட்டயத்தப் பிழிஞ்சா தண்ணி வருமா, கேட்டுச் சொல்லு" என்றாள். கலியபெருமாள் முன்னால் வந்தார்.

"வைரக்கண்ணு, ஒத்த வார்த்தையில சொல்லு. தானியம் குறையாதுன்னு நீ சொன்னியா, சொல்லலியா?"

அத்தான் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் தைரியமாகச் சொல்லுங்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார்.

சும்மா ஊகத்தில் நான் எழுதிய வரி, அவர் உண்மையிலேயே சொன்னதாகவே இருந்திருக்கிறது! என் தொழில்மீது எனக்கே ஒரு மரியாதை வந்தது. ஆனால் கூடவே மனசு விட்டுப்போயிற்று. அப்படியென்றால் பொய் சொன்னது அத்தான்தான். ஊரைக் காட்டிக் கொடுத்தது எங்கள் வீடுதான்.

அன்றிலிருந்து அவருக்கு ஊரில் ஏச்சுதான். டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "வைரக்கண்ணுக்கு டீ போடாதய்யா, அவரு தண்ணியில்லாமயே இருப்பாரு" என்பார்கள். அறுப்பு மிஷின் அவர் வயல் வரப்பு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். சின்ன மகளுக்கு அந்த ஊரிலேயே பேசியிருந்த இடம் தட்டிப்போயிற்று. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். எந்தக் கதையும் சொல்வதில்லை. உயரமான ஆளும் கண்ணாடிக்காரியும் அவரோடு போய்விட்டார்கள்.

அந்தக் கதையை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில், கல்யாண வீட்டில். ஜனங்கள் நன்றாகச் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன்.

சரி, இன்றைக்கு ஏன் போனேன் என்றால், நாளைக்கு மறுபடி மத்தியக் குழு வருகிறது. கொள்கைக்கு இரண்டாம் கட்டமாம். கோரைத்திட்டைப் பார்த்து இன்னும் பல ஊர்களை அதே மாதிரி ஆக்கப்போகிறார்கள். கலியபெருமாள் என் கடைக்கு வந்தார். பொறியாளர் அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்: அந்த முன்னோடி விவசாயியே குழு முன்னால் எழுந்து, அன்று நான் சொன்னது பொய், வயல் காய்ந்தது தண்ணீர் வராததால்தான் என்று சொல்லிவிட்டால், உங்கள் மதகு முறையைப் பழையபடி மாற்ற எனக்கு ஒரு பிடி கிடைக்கும். இந்த வருஷம் பயிர் இப்போது தொண்டைக் கதிரில், கதிர் வெளியே வராமல், நிற்கிறது. ஒரு தண்ணீர் வந்தால் பிழைக்கும்.

"மாசிலாமணி, நீதான் உன் மச்சானுக்குச் சொல்லணும். நீ சொன்னா கேப்பாரு" என்றார். கேட்கத்தானே போகிறார் என்று காலை முதல் பஸ்ஸில் போனேன்.

அத்தான் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு வார்த்தை அத்தான். அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு சொல்லிடுங்க. ஊரு பயிரும் பொழைக்கும், உங்க மேல இருக்குற பழியும் போயிடும்."

"எந்தப் பொய்ய மாப்ள?"

"அதான், தானியம் குறையாதுன்னு சொன்னீங்களே."

"ஓ, நான் சொன்னது" என்றார். சிரித்தார். பல வருஷம் கழித்து அவர் சிரித்துப் பார்க்கிறேன், ஆனால் அது நன்றாக இல்லை.

உள்ளேயிருந்து அக்கா சத்தம் போட்டாள். "அவரு என்ன சொன்னாரு, என்ன சொல்லலன்னு உனக்குத் தெரியாதாடா?"

அக்காவுக்கு எப்போதுமே பேச்சில் ஒரு குத்தல் உண்டு. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வர்றேன் மாப்ள. நாலு பேருக்கு முன்னால நின்னு பொய் சொன்னேன்னு சொல்லணும், அவ்வளவுதான? சொல்லிடுறேன். பவுனம்மா வயலுக்குத் தண்ணி வந்தா சரி. ஆனா என்ன பொய்யின்னு சரியா சொல்லிக் குடு. நான் பாட்டுக்கு ஏதாவது ஒளறிடப் போறேன்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாவம், பழக்கமில்லாத மனுஷர், மைக் முன்னால் தடுமாறிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வயலிலேயே போய் ஒத்திகை பார்த்துவிடலாம். அன்று நடந்ததை அப்படியே திரும்ப நடத்துவோம், அவர் அவராக இருக்கட்டும், நான் மத்தியக் குழு. அன்று சொன்னதை அன்று சொன்ன மாதிரியே சொல்லிவிட்டு, கடைசியில் 'இதெல்லாம் பொய்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்பவர்களுக்கு நெஞ்சில் தைக்கும். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு அனுபவம் உண்டு.

வயலுக்குப் போனோம். தரை வெடித்துக் கிடந்தது. அவரை வரப்பில் நிறுத்தினேன். நான் ரோட்டில் போய் நின்றேன்.

"சரி அத்தான், இப்ப நான் கார்லேருந்து இறங்குறேன். எத்தன பேரு?"

"மூணு நாலு பேரு இருக்கும்."

"அந்த உயரமானவரா நான் இருக்கேன். செருப்பக் கழட்டவா?"

"கழட்டாத. நெருஞ்சி கெடக்கு."

"அன்னிக்கு அவரு கழட்டினாரே?"

அத்தான் குனிந்து தன் காலில் ஏறிய முள்ளை எடுத்துப் போட்டார். நான் செருப்போடே இறங்கி வந்து குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன்.

"நான் இங்க நிக்கிறேன். நீங்க?"

"நான் இப்ப நிக்கிற எடத்துலதான் மொதல்ல நின்னேன். அப்புறம் தள்ளி நிக்கச் சொன்னாங்க."

"ஏன்?"

"படம் எடுத்தாங்க. என் நெழலு கொழாய்மேல விழுந்துச்சாம். கையால இப்பிடிக் காட்டுனாங்க" என்று, கோழியை விரட்டுகிற மாதிரி கையை அசைத்துக் காட்டினார். பிறகு அவரே அந்தக் கைக்குக் கட்டுப்பட்டவர் மாதிரி வரப்பில் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

"சரி, படம் எடுத்தாச்சு. இப்ப நான் உங்களக் கேக்குறேன். கேள்வியச் சொல்லுங்க, அவங்க கேட்ட மாதிரியே கேக்குறேன்."

அத்தான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கேள்வி தெரிஞ்சாத்தான அத்தான் நான் ஆரம்பிக்க முடியும்? மொதல்ல என்ன கேட்டாங்க?"

அவர் கிழக்கே பவுனம்மாவின் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் சார் மண்டையில் ஏதோ தட்டியது. ஏழெட்டு வருஷம். அந்த உயரமான ஆள் கதையில், கண்ணாடிக்காரி கதையில், ரோட்டில் நின்று பேசிய கதையில், எல்லாவற்றிலும் அத்தான் சொன்ன பதில்கள் இருந்தன. ஒவ்வொரு பதிலும் எனக்கு மனப்பாடம். ஒன்றில்கூட வந்தவர்கள் அவரைக் கேட்ட ஒரு கேள்வி இல்லை. இத்தனை வருஷம் பதிலைப் போட்டுப் புரட்டிப் புரட்டிச் சந்தேகப்பட்டவன், இதை எப்படி விட்டேன்?

பதில் எனக்கே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"அத்தான், அன்னிக்கு யாராவது உங்கள ஏதாவது கேட்டாங்களா?"